42 வயதில் புதுமைப்பித்தனைக் கொண்டுபோன காசநோய்: மருந்து இருந்தும் ஏன் காப்பாற்ற முடியவில்லை?

1948 ஜூன் 30. திருவனந்தபுரத்தில் எழுத்தாளர் புதுமைப்பித்தன் காலமானார். வயது 42. காரணம், காசநோய்.

சரியாக நாலு மாதம் கழித்து, அக்டோபர் 30-ம் தேதி, லண்டனில் இருந்து வெளிவரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு முடிவு வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து காசநோயாளிகளின் உயிரைக் காப்பாற்றுகிறது என்று முறைப்படி நிரூபித்த ஆய்வு அது.

அந்த மருந்து அப்போதுதான் புதிதாக வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கண்டுபிடித்து அஞ்சு வருஷம் ஆகியிருந்தது. அப்புறமும் ஏன் நம்ம ஊர் நோயாளிகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்? அந்த நிலையை மாற்றிய ஆய்வு எங்கே நடந்தது? தமிழ்ச் சிறுகதையைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட ஒருவரின் வாழ்க்கையோடு சேர்த்தே பார்க்கலாம்.

யார் இந்த புதுமைப்பித்தன்?

இயற்பெயர் சொ.விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25-ல் கடலூர் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். பூர்வீகம் திருநெல்வேலி. அப்பா சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். வேலை மாற்றலாகும் ஊருக்கெல்லாம் குடும்பமும் கூடவே போனது.

அதனால்தான் அவருடைய ஆரம்பப் பள்ளிப் படிப்பு செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று மூன்று ஊர்களில் நடந்தது. நெல்லைத் தமிழுக்குப் பேர்போன எழுத்தாளர், சின்ன வயதில் செஞ்சிக் கோட்டை இருக்கும் ஊரில் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. எட்டு வயதில் அம்மா பர்வதத்தம்மாள் இறந்துவிட்டார். அப்பா மறுமணம் செய்துகொண்டார்.

1918-ல் அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே பள்ளிப் படிப்பை முடித்து, இந்துக் கல்லூரியில் சேர்ந்து, 1931-ல் பி.ஏ. பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு 25 வயது. பிறகு திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவைத் திருமணம் செய்துகொண்டார்.

பி.ஏ. படித்தால் சர்க்கார் உத்தியோகம் என்பதுதான் அன்றைய கணக்கு. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. எழுத்தை நம்பி இறங்கினார். 1933-ல் காந்தி என்ற பத்திரிகையில் முதல் கட்டுரை வந்தது. அடுத்த வருஷம் சென்னை, மணிக்கொடி, வரிசையாகக் கதைகள்.

சம்பளம் சப் எடிட்டருக்கு, பெயர் கதாசிரியருக்கு

கதை எழுதினால் பேர் கிடைத்தது. காசு கிடைக்கவில்லை. அதனால் பத்திரிகை ஆபீஸ் வேலைக்குப் போனார். காரைக்குடியில் இருந்து வந்த ஊழியனில் கொஞ்ச காலம். அப்புறம் டி.எஸ்.சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்த தினமணியில் பல வருஷம். 1943-ல் நிர்வாகத்தோடு ஏற்பட்ட மோதலில் சொக்கலிங்கம் வெளியேறியபோது, புதுமைப்பித்தனும் கூடவே வெளியேறினார். சொக்கலிங்கம் தொடங்கிய தினசரியில் சேர்ந்தார். அங்கும் நீண்ட காலம் நிலைக்கவில்லை.

இந்த வேலைகளுக்கு நடுவில்தான் நூறு அளவிலான சிறுகதைகள், மொழிபெயர்ப்புகள், கட்டுரைகள், கவிதைகள் எல்லாம் எழுதினார். ஹிட்லரைப் பற்றியும் முசோலினியைப் பற்றியும்கூடப் புத்தகம் எழுதியிருக்கிறார். மொத்த எழுத்து வாழ்க்கையே ஏறக்குறைய 15 வருஷம்தான்.

அவர் கதைகளில் நோயும் வறுமையும் திரும்பத் திரும்ப வரும். பொன்னகரம் கதையில் குதிரை வண்டி ஓட்டும் புருஷன் அடிபட்டுப் படுத்துக் கிடப்பான். அவனுக்குப் பால்கஞ்சி வார்க்கக் காசில்லாத அம்மாளு என்ன செய்தாள் என்பதுதான் கதை. செல்லம்மாள் கதையில், ஜவுளிக்கடைச் சம்பளத்தில் காலம் தள்ளும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்குச் சமைத்துப் போட்டு, மருந்து கொடுத்து, கடைசியில் அவளைப் பறிகொடுப்பார். மகாமசானத்தில் சென்னையின் பரபரப்பான ரோட்டோரத்தில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருப்பார். ஊர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

வைத்தியத்துக்குக் காசில்லாத வீடு எப்படி இருக்கும் என்று தமிழில் இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. கடைசியில் அவர் வீடே அப்படி ஆனது.

சினிமா ஆசை, புனே பயணம்

பத்திரிகை வேலை போன பிறகு சினிமா பக்கம் திரும்பினார். ஜெமினியின் அவ்வையார் படத்துக்கு எழுதினார். காமவல்லிக்கு வசனம் எழுதினார். பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்து, வசந்தவல்லி என்ற படம் எடுக்கப் பார்த்தார். அது நடக்கவில்லை. கையில் இருந்த காசு போனதுதான் மிச்சம்.

அந்த நேரத்தில் எம்.கே.தியாகராஜ பாகவதரின் ராஜமுக்தி பட வாய்ப்பு வந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஜெயிலுக்குப் போய், 1947-ல் விடுதலையாகி வந்திருந்தார் பாகவதர். பட வேலை புனேயில். வசனம் எழுத புதுமைப்பித்தன் அங்கே போய்த் தங்கினார். மனைவியும் சின்னஞ்சிறு மகளும் திருவனந்தபுரத்தில்.

புனேயில் இருந்தபோது காசநோய் அவரைக் கடுமையாகத் தாக்கியது. 1948 மே மாதத் தொடக்கத்தில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் அவர் உயிரோடு இருந்தது இரண்டு மாதம்கூட இல்லை. ராஜமுக்தி அந்த வருஷமே திரைக்கு வந்து தோல்வியடைந்தது.

தான் செத்த பிறகு நிதி திரட்ட வேண்டாம், கல்லில் வடித்து வைக்க வேண்டாம் என்று ஏற்கெனவே கவிதையில் கிண்டலாக எழுதி வைத்திருந்தார். அவர் போன பிறகு குடும்பத்துக்காக நிதி திரட்டத்தான் வேண்டியிருந்தது.

அப்போது காசநோய்க்கு என்ன சிகிச்சை இருந்தது?

உண்மையைச் சொன்னால், ஓய்வு. க்ஷயம், எலும்புருக்கி என்றெல்லாம் ஊரில் பேர் வைத்திருந்த இந்த நோய்க்கு நல்ல காற்று, பால், முட்டை, படுக்கை ஆகியவைதான் வைத்தியம். வசதி இருந்தால் சானடோரியம். மதனப்பள்ளி பக்கம் ஆரோக்கியவரம், சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரம் ஆகிய இடங்களில் சானடோரியங்கள் இருந்தன. தாம்பரத்தில் அந்த ரயில்வே ஸ்டேஷனுக்கே சானடோரியம் என்றுதான் இன்றைக்கும் பேர். சில நோயாளிகளுக்கு மார்புக்குள் காற்றை ஏற்றி, ஒரு பக்க நுரையீரலைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுப்பார்கள். கிருமியைக் கொல்ல இவை எதனாலும் முடியாது. உடம்பே போராடி ஜெயித்தால் உண்டு.

சரி, சானடோரியத்தில் இடமாவது கிடைக்குமா? 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கை சொன்ன கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் காசநோயாளிகள் சுமார் 25 லட்சம். வருஷத்துக்குச் சாவு சுமார் 5 லட்சம். மொத்தம் இருந்த படுக்கை ஏறக்குறைய 6,000. நானூறு பேருக்கு ஒரு படுக்கை.

பணமும் பதவியும் இருந்தவர்களையும் இந்த நோய் விடவில்லை. ஜவஹர்லால் நேருவின் மனைவி கமலா நேரு 1936-ல் சுவிட்சர்லாந்தில் சிகிச்சையில் இருந்தபோதே இறந்தார். பாகிஸ்தானின் முதல் கவர்னர் ஜெனரல் ஜின்னாவும் காசநோயாளிதான். புதுமைப்பித்தன் போன அதே 1948-ல், செப்டம்பரில் அவரும் இறந்தார்.

மண்ணில் கிடைத்த மருந்து

1943 அக்டோபரில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், செல்மன் வாக்ஸ்மன் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியில் இருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். பெனிசிலினால் ஒன்றும் செய்ய முடியாத காசநோய்க் கிருமியை இது தாக்கியது. அடுத்த வருஷமே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். வாக்ஸ்மனுக்கு 1952-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனா மருந்து அமெரிக்காவில் இருந்துதான் வர வேண்டும். விலையும் அதிகம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டன் அரசிடமே டாலர் தட்டுப்பாடு. எல்லா நோயாளிக்கும் கொடுக்கிற அளவுக்கு மருந்து வாங்க முடியவில்லை. அதனால்தான் அங்கே முறையான ஆய்வு நடத்த முடிந்தது. நோயாளிகளைக் குலுக்கல் போலப் பிரித்து, 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் என்று கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து எடுத்தவர்களில் இறந்தவர்கள் 4 பேர். ஓய்வு மட்டும் எடுத்தவர்களில் இறந்தவர்கள் 14 பேர். 1948 அக்டோபர் 30-ல் வந்தது இந்த முடிவுதான்.

அதே வருஷம், இன்னொரு எழுத்தாளர்

அப்படியானால் அந்த மருந்து கிடைத்திருந்தால் புதுமைப்பித்தன் பிழைத்திருப்பாரா? உறுதியாக யாரும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது.

பிகாரின் மோதிஹாரியில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லும் காசநோயாளி. 1948 தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். அவருடைய செல்வாக்கான நண்பர் மூலம், அமைச்சர் அளவில் அனுமதி வாங்கி, அமெரிக்காவில் இருந்து ஸ்ட்ரெப்டோமைசின் வரவழைத்தார்கள். முதலில் நோய் குறைந்தது. ஆனால் மருந்து அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோல் உரிந்தது, வாயெல்லாம் புண், முடி கொட்டியது. சுமார் 50 நாளில் நிறுத்திவிட்டார்கள். மிச்ச மருந்து வேறு நோயாளிகளுக்குப் போனது. ஆர்வெல் 1950 ஜனவரியில் 46 வயதில் இறந்தார். இடையில் கிடைத்த அவகாசத்தில் 1984 நாவலை எழுதி முடித்திருந்தார்.

ஏன் ஒரே மருந்து போதாது?

ஸ்ட்ரெப்டோமைசினுக்கு இன்னொரு பெரிய குறையும் இருந்தது. நுரையீரலில் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். அதில் ஒரு சில, இயற்கையாகவே அந்த மருந்துக்கு அடங்காதவை. மருந்து மற்றதை எல்லாம் கொன்றுவிடும். அடங்காதது மட்டும் தப்பித்துப் பெருகும். சில மாதத்தில் நோயாளி பழைய நிலைக்கே வந்துவிடுவார், இந்தத் தடவை மருந்தும் வேலை செய்யாது. பிரிட்டன் ஆய்வில் முதலில் தேறியவர்களில் பலருக்கு இதுதான் நடந்தது.

இதற்கு வழி, இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது. ஒன்றுக்குத் தப்பும் கிருமி மற்றொன்றில் மாட்டும். சுவீடனில் கண்டுபிடித்த பி.ஏ.எஸ். என்ற மருந்து துணைக்கு வந்தது. 1952-ல் ஐசோனியாசிட் மாத்திரை வந்தது. விலையும் குறைவு, ஊசியும் வேண்டாம்.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி. ஒரு வருஷம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். நல்ல சாப்பாடு, ஓய்வு, தனி அறை வேண்டும் என்றால் ஏழைகள் எங்கே போவார்கள்? 25 லட்சம் பேருக்கு சானடோரியம் கட்ட முடியுமா?

சேத்துப்பட்டு சொன்ன பதில்

இந்தக் கேள்விக்கான பதில் சென்னையில் கிடைத்தது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து ஆரம்பித்தது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் தலைமை தாங்கினார்.

சென்னையின் நெரிசலான பகுதிகளில் வசித்த ஏழை நோயாளிகள் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவானவர்களை எடுத்து, இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். இன்னொரு பாதி அவரவர் வீட்டில். இரண்டு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள்தான், ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷம்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. எடையும் நன்றாகக் கூடியது. வீட்டில் இருந்தவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடு, ஒரே ரூமில் குடும்பம், நடுவில் வேலையும் உண்டு. அவர்களுக்கு நோய் குணமாகாது, வீட்டில் எல்லோருக்கும் பரவிவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1959-ல் முடிவு வந்தபோது இரண்டு தரப்பிலும் குணமானவர்களின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்றும் கூடுதலாகப் பரவவில்லை.

புதுமைப்பித்தன் எழுதினாரே, அம்மாளு மாதிரி, பிரமநாயகம் பிள்ளை மாதிரி, அப்படிப்பட்ட வீடுகளில்தான் இந்த ஆய்வு நடந்தது. மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டுக்குள்ளேயே காசநோய் குணமாகும் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அவர் இறந்து அப்போது 11 வருஷம் ஆகியிருந்தது.

இதற்குப் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடப்பட்டன அல்லது வேறு ஆஸ்பத்திரிகளாக மாறின. 1962-ல் இந்தியா தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டமும் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாக வைத்துத்தான் போடப்பட்டது. மருந்தை வெளிநாட்டில் இருந்து எதிர்பார்க்கும் நிலையும் மாறியது. மத்திய அரசின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை பெனிசிலினில் தொடங்கி, பிறகு ஸ்ட்ரெப்டோமைசினும் தயாரித்தது. அந்தத் தொழிற்சாலை இருக்கும் பிம்ப்ரி, புதுமைப்பித்தனுக்கு நோய் முற்றிய அதே புனேயை ஒட்டிய ஊர்.

சேத்துப்பட்டு மையம் இன்னொரு விஷயத்தையும் கண்டுபிடித்தது. மாத்திரையைக் கொடுத்து அனுப்பினால் எல்லோரும் சாப்பிடுவதில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தபோதும், சிறுநீரைச் சோதித்தபோதும் இது தெரிந்தது. நோயாளி மாத்திரை விழுங்குவதைப் பக்கத்தில் இருந்து ஒருவர் பார்க்கும் முறைக்கு இங்கேதான் அடித்தளம் போட்டார்கள். பின்னாளில் டாட்ஸ் என்ற பேரில் உலகம் முழுக்கப் போனது இந்த முறைதான். அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது.

இன்று ஒருவருக்குக் காசநோய் வந்தால் என்ன ஆகும்?

புதுமைப்பித்தன் படித்த செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் அனந்தபுரத்தில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம், ராத்திரியில் வியர்வை ஆகியவையும் காசநோயின் அறிகுறிகள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் சளிப் பரிசோதனைக்கு வழி செய்வார்கள். ரிஃபாம்பிசின் போன்ற முக்கிய மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் இப்போது சில மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம்.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள்: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால். அடுத்த நான்கு மாதம் பைராசினமைடு தவிர மற்ற மூன்றும். எல்லாம் சேர்ந்த ஒரே மாத்திரையாக, உடல் எடைக்குத் தகுந்த எண்ணிக்கையில், தினமும். சத்தான சாப்பாட்டுக்காக மத்திய அரசு நோயாளியின் வங்கிக் கணக்கில் போடும் தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாக இருந்தது. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய்.

ஏன் ஆறு மாதம்? காசநோய்க் கிருமி ரொம்ப மெதுவாகப் பெருகும். சில கிருமிகள் தூங்குவது போல அசையாமல் கிடக்கும். மருந்து அவற்றைப் பிடிக்க நாளாகும். ஆனால் நோயாளிக்கு ஒன்றிரண்டு மாதத்திலேயே இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். சரியாகிவிட்டது என்று நிறுத்துவது இந்த இடத்தில்தான். அப்படி நிறுத்தினால் மிச்சம் இருக்கும் கிருமி மறுபடி கிளம்பும், மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். அதற்கும் இப்போது புது மருந்துகள் உண்டு. ஆனால் சிகிச்சை கடினம்.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால், தொடர்ந்து வாந்தி வந்தால், பார்வை மங்கினால், கை கால் மரத்துப்போனால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தை மாற்றவோ நிறுத்தவோ டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு இருந்தும் 2023-ல் உலகம் முழுக்கக் காசநோயால் சுமார் 12.5 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் புதிதாக நோய் வருகிறவர்களில் நாலில் ஒருவர் இந்தியர். பலர் மருத்துவமனைக்கு வருவதற்குள் நோய் முற்றிவிடுகிறது. அதனால்தான் தமிழ்நாடு அரசு 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானதுமே எடை மிகக் குறைவா, மூச்சு வாங்குகிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமான நிலையில் இருப்பவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

புதுமைப்பித்தன் புனேயில் இருந்து திரும்பி வந்தது இப்படிப்பட்ட மோசமான நிலையில்தான். அவர் எழுத்துகளை 2002-ல் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அவர் காலத்தில் பெரிய மனிதர்களுக்கே எட்டாத காசநோய் மருந்தும் இன்று அரசு மருத்துவமனையில் இலவசம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது இரண்டு வாரமாக இருமல் இருந்தால் அழைத்துப் போய்ப் பரிசோதனை செய்யுங்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால், ஆறு மாதமும் முடிகிற வரை விடாமல் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். சந்தேகங்களுக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் கூப்பிடலாம்.